குரல் தளர்ந்தால்

தறிச்சத்தத்தை மீறிப் பேசித் தொண்டை கம்முவது நெசவாளருக்குப் புதிதன்று. கஷாயம் குடித்தே மாதங்களைக் கடத்திவிடுகிறோம். நான்கு வாரமாகியும் கம்மல் நீங்காவிடில் குரல்வளையைக் காட்டியே தீரவேண்டும் என்போம். குற்றம் தொண்டையிலேயே இருக்கவேண்டுமென்பதில்லை. இடது குரல்நாணை இயக்கும் நரம்பு மார்புக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி மேலேறுகிறது. நுரையீரல் கட்டியும் அதை முடக்கலாம்.

மயிலாப்பூரை அடுத்த இராஜா அண்ணாமலைபுரத்தில், காது மூக்கு தொண்டைக்கெனவே மெட்ராஸ் ஆராய்ச்சி நிறுவன மருத்துவமனை உள்ளது. இவ்வைத்தியம் சபாக்களில் பாடுவோருக்கு மட்டும் உரியதன்று. வெறும் தசைத்தளர்ச்சியாயின் முதலில் மூச்சுப் பயிற்சியும் குரற்பயிற்சியுமே. நாண்கள் ஒன்றுசேராவிடில் ஊசியால் பருக்கச் செய்வர். ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1974-இல் வெளியிட்ட முறையில், குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சாளரம் திறந்து நாணை உள்ளே தள்ளுவர். அப்போது நோயாளியைப் பேசச்சொல்லிக் கேட்டே அளவைத் திருத்துவர்.