கூட்டு நிதியில் உருவாகும் மின்னணுக் கருவிகள்: பணம் போடலாமா?

ஒரு பொருளைச் செய்ய நினைப்பவர் வங்கியிடமோ பெரிய முதலீட்டாளரிடமோ போகாமல், அதை விரும்பக்கூடிய ஆயிரக்கணக்கானவர்களிடம் இணையத்தின் வழியே சிறு சிறு தொகையாகப் பணம் திரட்டுவதைக் கூட்டு நிதி என்கிறோம். கிரவுட் ஃபண்டிங் என்ற பெயரே தமிழிலும் பரவலாக வழங்குகிறது. திரைப்படம், புத்தகம், மருத்துவச் செலவு எனப் பலவற்றுக்கும் இம்முறையில் பணம் சேர்க்கிறார்கள். இக்கட்டுரை மின்னணுக் கருவிகளை மட்டும் பற்றியது. அழகான ஒரு காணொளி, "இன்னும் ஆறு மாதத்தில் உங்கள் கைக்கு வரும்" என்ற வாக்குறுதி, கடை விலையைவிடக் குறைந்த விலை ஆகிய மூன்றும் சேர்ந்து கண்முன் நிற்கும்போது பணம் கொடுப்பது சரியா என்பதே கேள்வி.

முறை புதிதல்ல. நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமல் போனபோது, 1885இல் ஜோசப் புலிட்சர் தம் நாளிதழ் வழியே வாசகர்களிடம் ஒரு லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகவே கொடுத்தனர். தமிழிலும் 19ஆம் நூற்றாண்டில், பணம் தருவதாகக் 'கையொப்பம்' இடுவோரை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு நூல்களை அச்சிடும் வழக்கம் இருந்தது. 1887இல் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அவருக்கும் இந்த ஏற்பாடு கைகொடுத்தது. ஆனால் அங்கே ஏடு கையில் இருந்தது. அச்சிடத்தான் பணம் வேண்டியிருந்தது. கருவி விஷயத்தில் ஏடே இன்னும் எழுதி முடிக்கப்படவில்லை என்று சொல்லலாம்.

இது கடை அல்ல

இத்துறையில் முன்னணியில் உள்ளவை அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தளங்களான கிக்ஸ்டார்ட்டரும் (2009) இண்டிகோகோவும் (2008). கிக்ஸ்டார்ட்டரில் ஒரு திட்டம் தன் இலக்குத் தொகையைக் குறித்த நாளுக்குள் எட்டினால்தான் ஆதரவாளர்களின் அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டாவிட்டால் ஒருவரிடமும் எடுக்கப்படாது. இண்டிகோகோவில், இலக்கை எட்டாவிட்டாலும் சேர்ந்த பணத்தை வைத்துக்கொள்ளும் வழியும் இருந்துவந்தது. பணம் போடுமுன் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் கருவிகள் செய்வதற்கான செலவைக் கணக்கிட்டவர், ஐம்பது கருவிகளுக்கான பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

2012 செப்டம்பரில் கிக்ஸ்டார்ட்டர், தான் ஒரு கடை அல்ல என்பதையே தலைப்பாக வைத்து ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கருவிகளுக்கான திட்டங்களில் கணினியில் வரைந்த போலித் தோற்றப் படங்களைக் காட்டக்கூடாது, செய்து முடித்த மாதிரியைத்தான் காட்ட வேண்டும், இடர்கள் என்னென்ன என்று தனிப் பகுதியில் எழுத வேண்டும் என்று அப்போது விதிகள் வந்தன. விதி ஏட்டளவில் மட்டும் நிற்கவில்லை. லேசர் ஒளியால் முடியை வெட்டுவதாகச் சொன்ன ஸ்கார்ப் என்ற சவரக் கருவி 40 லட்சம் டாலருக்கு மேல் உறுதிமொழி பெற்றிருந்த நிலையில், வேலை செய்யும் மாதிரி இல்லை என்று 2015 அக்டோபரில் நிறுத்தப்பட்டது. ஆதரவாளர்களுக்கு ஒரு காசும் நட்டமில்லை. அந்த நிறுவனம் உடனே இண்டிகோகோவுக்குப் போய் மறுபடி பணம் திரட்டத் தொடங்கியது!

ஆதரவாளர் வாடிக்கையாளர் அல்லர், பங்குதாரரும் அல்லர். ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற மெய்நிகர்த் தலையணிக்கு 2012இல் 9,500 பேர் சேர்ந்து 24 லட்சம் டாலர் கொடுத்தனர். 2014 மார்ச்சில் பேஸ்புக் அந்நிறுவனத்தை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. தொடக்கத்தில் பணம் கொடுத்தவர்களுக்கு அதில் பங்கு ஏதும் கிடைக்கவில்லை. நட்டம் வந்தால் உங்கள் பணம் போகும். லாபம் வந்தால் பேசியபடி ஒரு கருவி மட்டும் வரும். இதை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும்.

பெபிள் காட்டிய வழி

மின்னணுக் கருவிகளுக்கு இந்தப் பாதையைத் திறந்துவிட்டது பெபிள் கைக்கடிகாரம். எரிக் மிஜிகோவ்ஸ்கி இதற்கு முன்பே பிளாக்பெர்ரி கைபேசியோடு இணையும் ஒரு கடிகாரத்தைச் செய்து விற்றவர். அடுத்த கடிகாரத்துக்கு முதலீட்டாளர்கள் கிடைக்காததால் 2012 ஏப்ரலில் கிக்ஸ்டார்ட்டருக்கு வந்தார். இலக்கு ஒரு லட்சம் டாலர். இரண்டு மணி நேரத்தில் அது நிரம்பியது. முடிவில் ஏறக்குறைய 69,000 பேர் 1 கோடியே 2 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்திருந்தனர்.

கடிகாரம் ஒன்றுக்குப் பெரும்பாலோர் கொடுத்தது 115 டாலர். அப்படியானால் இலக்குத் தொகை ஆயிரத்துக்கும் குறைவான கடிகாரங்களுக்கானது. வந்ததோ அதைப் போல் நூறு மடங்கு. 2012 செப்டம்பரில் வர வேண்டியது, 2013 ஜனவரியில்தான் அனுப்பத் தொடங்கப்பட்டது. தாமதமானாலும் வந்தது, சொன்னபடி வேலையும் செய்தது. எனவே 2015இல் பெபிள் டைம் என்ற அடுத்த கடிகாரத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் குவிந்தது. 2016இல் மூன்றாம் முறையாகவும் பணம் திரட்டினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்டு, அதன் மென்பொருளும் பிற உடைமைகளும் ஃபிட்பிட்டுக்கு விற்கப்பட்டன. மூன்றாம் திட்டத்தில் பெபிள் டைம் 2 வர வேண்டிய ஆதரவாளர்களுக்குக் கடிகாரம் வரவில்லை. பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல பெயர் எடுத்த நிறுவனம், இருமுறை சொன்னதைச் செய்த நிறுவனம் என்பதுகூட மூன்றாம் முறைக்கு உத்தரவாதம் ஆகவில்லை.

கூலஸ்ட் கூலர்: வெற்றியால் வந்த கேடு

பனிக்கட்டி போட்டுப் பானங்களைக் குளிர்ச்சியாக வைக்கும் பெட்டி ஒன்று. அதிலேயே மிக்சி, புளூடூத் ஒலிபெருக்கி, கைபேசிக்கு மின்னேற்றும் வசதி. இதுதான் கூலஸ்ட் கூலர். 2013இன் இறுதியில் 1,25,000 டாலர் கேட்டு முதல் முயற்சி நடந்தது, இலக்கை எட்டவில்லை. குளிர்காலத்தில் குளிர்ப்பெட்டியை யார் தேடுவார்? 2014 கோடையில் 50,000 டாலர் இலக்குடன் மீண்டும் வந்தபோது 62,642 பேர் 1 கோடியே 32 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தனர். அதுவரை கிக்ஸ்டார்ட்டரில் எந்தத் திட்டமும் அவ்வளவு திரட்டியதில்லை.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் ஓர் ஆதரவாளருக்குச் சராசரி 212 டாலர் வருகிறது. தளத்தின் பங்கு 5 விழுக்காடு, அட்டைப் பரிமாற்றக் கட்டணம் மேலும் 3 முதல் 5 விழுக்காடு. மிஞ்சுவது 190 டாலரை ஒட்டி. அதற்குள் மின்கலமும் மோட்டாரும் உள்ள பெரிய பெட்டியைச் செய்து, சீனத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்து, வீடு வீடாக அனுப்ப வேண்டும். அதே பெட்டியைப் பின்னர் கடைச் சரக்காக 400 டாலரும் அதற்கு மேலும் வைத்து விற்றார்கள் என்பதைப் பார்த்தால், முதல் விலை எவ்வளவு தவறாகப் போடப்பட்டது என்று புரியும். ஒரு பெட்டிக்குக் கொஞ்சம் நட்டம் என்றால் ஐந்நூறு பெட்டிகளில் சமாளிக்கலாம். அறுபதாயிரம் பெட்டிகளில் அந்த நட்டமே நிறுவனத்தை விழுங்கிவிடும்.

2015 பிப்ரவரியில் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். பல்லாயிரம் ஆதரவாளர்கள் காத்திருக்கையில், உற்பத்திக்குப் பணம் வேண்டும் என்று சொல்லி அமேசானில் புதியவர்களுக்கு விற்றார்கள். மிக்சி மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. 2016இல், சீக்கிரம் வேண்டுமானால் இன்னும் 97 டாலர் கொடுங்கள் என்று ஆதரவாளர்களிடமே கேட்டார்கள். ஒரிகன் மாநில நீதித்துறை தலையிட்டு 2017இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 2019 டிசம்பரில், அமெரிக்கா சீனப் பொருட்கள்மீது விதித்த கூடுதல் வரியைக் காரணம் காட்டி நிறுவனம் மூடப்பட்டது. ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி வரவே இல்லை. உடன்பாட்டின்படி அவர்களுக்குக் கிடைக்கவேண்டியதாக இருந்தது ஆளுக்கு 20 டாலர்.

ஒன்று செய்வதும் பத்தாயிரம் செய்வதும்

இவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று எண்ணிவிடுவது எளிது. பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் அதுவல்ல. மேசைமேல் வேலை செய்யும் ஒரு மாதிரியை இன்று ஒரு மாணவர்கூடச் செய்துவிட முடியும். முப்பரிமாண அச்சுப்பொறியில் கூடு, சந்தையில் கிடைக்கும் மின்சுற்றுப் பலகை, கொஞ்சம் நிரல் போதும். அதையே பத்தாயிரம் செய்ய வேண்டுமானால் கூட்டின் ஒவ்வொரு வடிவத்துக்கும் எஃகில் மோல்டு வெட்ட வேண்டும். ஒரு மோல்டுக்கு ஆயிரக்கணக்கான டாலர் முதல் பல்லாயிரம் டாலர் வரை ஆகும். வெட்டிய பிறகு திருத்தினால் மேலும் பணமும் வாரங்களும் போகும். வானலை பயன்படுத்தும் கருவிக்கு அமெரிக்காவில் ஒரு சான்று, ஐரோப்பாவில் வேறொன்று வேண்டும். லித்தியம் மின்கலம் விமானத்தில் ஏற வேண்டுமானால் அதற்குத் தனிச் சோதனைகள். நூற்றுக்கு இரண்டு பழுது என்பது ஆயிரம் கருவிகளில் 20, அறுபதாயிரத்தில் 1,200. அத்தனையையும் திருப்பி வாங்கி, மாற்றிக் கொடுக்க வேண்டும். காணொளியில் இவை எதுவும் தெரிவதில்லை.

வேல்ஸ் நாட்டில் டார்க்கிங் என்ற சிறு நிறுவனம் உள்ளங்கையில் அடங்கும் ஸானோ என்ற ட்ரோனுக்காக 2015 தொடக்கத்தில் 12,000 பேரிடம் 23 லட்சம் பவுண்டு திரட்டியது. தானே பறக்கும், ஆளைப் பின்தொடர்ந்து படம் எடுக்கும் என்றார்கள். சில நூறு பேருக்கே வந்து சேர்ந்தது. வந்ததும் ஒழுங்காகப் பறக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நிறுவனம் கலைக்கப்பட்டது. என்ன நடந்தது என்று ஆராய்ந்து எழுத மார்க் ஹாரிஸ் என்ற பத்திரிகையாளரைக் கிக்ஸ்டார்ட்டரே அமர்த்தியது. சொன்னபடி ஒரு ட்ரோனை உருவாக்கத் தேவையான தொழில்நுட்பத் திறனும் வணிகத் திறனும் அவர்களிடம் இல்லை என்பது அவர் வந்தடைந்த முடிவு. எனக்கு இது மோசடியைவிட அச்சமூட்டுவது; ஏனென்றால் தம்மால் முடியும் என்று நம்புகிறவரை வெளியிலிருந்து அடையாளம் காண்பது கடினம்.

நேரடி மோசடிகளும் உண்டு. மின்கலம் பொருத்திய ஐபேக்பேக் என்ற பைக்காக எட்டு லட்சம் டாலருக்கு மேல் திரட்டி, அதில் பெரும்பகுதியைச் சொந்தச் செலவுக்குத் திருப்பியதாக அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2019இல் வழக்குத் தொடுத்தது. இத்தகைய வழக்குகள் அரிது. அவற்றில் ஆதரவாளருக்குப் பணம் திரும்புவது அதனினும் அரிது.

எத்தனைக்கு எத்தனை?

பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈதன் மோலிக் ஏறக்குறைய 47,000 ஆதரவாளர்களிடம் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், நிதி பெற்ற கிக்ஸ்டார்ட்டர் திட்டங்களில் 9 விழுக்காடு சொன்னதைக் கொடுக்கவில்லை என்று தெரிந்தது. இது ஓவியம், இசை, புத்தகம் எல்லாம் சேர்ந்த கணக்கு. வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களை மட்டும் பார்த்த அவருடைய முந்தைய ஆய்வில், முக்கால் பங்குக்கு மேற்பட்டவை குறித்த நாளில் தரவில்லை. ஆகவே தாமதம் என்பது விதிவிலக்கு அல்ல, வழக்கம். பிறந்தநாள் பரிசுக்கோ, கல்லூரித் திட்டப்பணிக்கோ, குறிப்பிட்ட நாளில் தேவைப்படும் எதற்குமோ இதை நம்பக்கூடாது.

பணம் போடுமுன் நான் முதலில் பார்ப்பது, செய்பவர்கள் இதற்கு முன் எதையாவது தொழிற்சாலையில் செய்து அனுப்பியிருக்கிறார்களா என்பதை. அடுத்து, காணொளியில் வெட்டு இல்லாமல் அந்தக் கருவி தொடர்ந்து வேலை செய்யும் காட்சி இருக்கிறதா என்பதை. பிறகு விலை. கடையில் அதைப் போன்ற பொருள் 8,000 ரூபாய்க்கு விற்கும்போது இங்கே கூடுதல் வசதிகளுடன் 4,000 என்றால், அது தள்ளுபடி அல்ல, கணக்குப் பிழை. இலக்குத் தொகை மிகச் சிறியதாக இருந்தாலும் ஐயப்பட வேண்டும். 10,000 டாலரில் ஒரு மோல்டுகூட முடியாமல் போகலாம். எளிய பொருளுக்கு இடர் குறைவு. நகரும் பாகம், மின்கலம், வானலை, செயலி என ஒவ்வொன்று கூடும்போதும் தவறு நேரும் இடமும் கூடுகிறது. இந்தியாவிலிருந்து பணம் போடுகிறவர்கள் பொருள் வரும்போது சுங்க வரியும் கட்ட நேரும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையையே எட்டிவிடலாம்.

கடையில் கிடைக்காத, பெரிய நிறுவனங்கள் செய்ய முன்வராத ஒரு கருவி உங்களுக்கு உண்மையிலேயே வேண்டும், கொடுத்த பணம் வராவிட்டாலும் மாதச் செலவு தடுமாறாது என்றால் போடலாம். மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் போடுவதில் பொருளில்லை. நன்றாக அமைந்த கருவி ஓராண்டு கழித்துக் கடைக்கு வரும். அப்போது மற்றவர்கள் பயன்படுத்திப் பார்த்து எழுதியதும் படிக்கக் கிடைக்கும்.

கைக்கு வந்த பிறகும்

இன்றைய கருவிகள் பல, நிறுவனத்தின் சர்வர் இயங்கினால்தான் முழுதாக இயங்கும். பெபிள் கடிகாரங்களுக்கான சேவைகள் 2018 ஜூன் இறுதியில் நிறுத்தப்பட்டன. கடிகாரம் கையில் நன்றாகவே இருந்தது; செயலிகளைத் தரும் இடம் மறைந்துவிட்டது. அப்போது ரெபிள் என்ற பெயரில் தன்னார்வலர்கள் ஒன்றுகூடி மாற்றுச் சேவை நடத்தி அவற்றைப் பிழைக்க வைத்தார்கள். எல்லாக் கருவிக்கும் அப்படி ஒரு கூட்டம் அமைவதில்லை. ஃபிட்பிட்டை வாங்கியிருந்த கூகுள், 2025 ஜனவரியில் பெபிள் இயங்குதளத்தின் நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அதைக் கொண்டு மிஜிகோவ்ஸ்கி அதே ஆண்டில் புதிய கடிகாரங்களை அறிவித்தார். இம்முறை அவர் கிக்ஸ்டார்ட்டருக்குப் போகவில்லை. தம்முடைய சொந்தத் தளத்திலேயே முன்பதிவு வாங்கினார்.