தணலில் வாட்டிய ஆட்டிறைச்சி: அதன் சத்தும் சுவையும்

தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் தோட்டத்து இல்லங்களில் ஆட்டிறைச்சி வாங்குவது வழக்கம். விலை மிகுந்த இவ்வுணவின் பயனை முழுவதும் பெறும் வகையை யாவரும் அறிந்திருத்தல் நன்று.

சத்து

கொழுந்தெடுக்கும் பெண்களிடையே இரத்தச்சோகை பரவலாகக் காணப்படுகின்றது. இரும்புச்சத்துக் குறைவு அதற்கு ஒரு முக்கிய காரணமாகும். ரொட்டி, பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள இரும்பில் சிறு பகுதியையே உடல் ஏற்கின்றது. உணவுடன் தேநீர் அருந்தினால், அதன் துவர்ப்புப் பொருள் அப்பகுதியையும் வெகுவாகக் குறைத்துவிடும். இறைச்சியின் இரும்போ எளிதில் உடலிற் சேரும். உடன் உண்ணும் கீரையின் இரும்பும் சேர உதவும். சமைத்த வெள்ளாட்டிறைச்சி 100 கிராமில் ஏறக்குறைய 27 கிராம் புரதமும், 3 கிராம் கொழுப்பும், 3.7 மில்லிகிராம் இரும்பும் உள. செம்மறியாட்டிறைச்சியில் கொழுப்புப் பன்மடங்கு அதிகம்.

சுவை

செம்மறியின் தனி மணம் அதன் கொழுப்பிலேயே தங்கியுள்ளது. அம்மணத்தை விரும்பாதோர் கொழுப்பை நீக்கிவிடலாம். தணலின் சூட்டில் இறைச்சியின் மேற்புறம் பொன்னிறமாகும்போது புதுச் சுவையும் மணமும் பிறக்கின்றன. நீரில் வேகும் இறைச்சிக்கு இச்சுவை வாய்ப்பதில்லை. மேலும், சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால், சட்டியில் இறைச்சி வேக நேரமும் விறகும் அதிகம் செலவாகும். தணலுக்கு இக்குறை இல்லை.

செய்முறை

இளம் ஆட்டின் தொடை இறைச்சியே வாட்டுதற்கு ஏற்றது. முதிர்ந்த ஆட்டின் இறைச்சியைக் குழம்பாக்குவதே தகும். நாருக்குக் குறுக்கே அரை அங்குலக் கனத்தில் அரிந்து, உப்பு, மிளகு, இஞ்சி தடவி ஒரு மணி நேரம் வைக்கவும். கவ்வாத்து மிலாறு எரிந்து தணலான பின்பே கம்பித்தட்டை வைக்கவேண்டும், சுவாலையில் வாட்டலாகாது. காற்றோட்டமுள்ள வெளியிடத்திலேயே அடுப்பை அமைக்கவும். இருபுறமும் திருப்பி, உட்புறம் நன்கு வேகும்வரை வாட்டுக. கருகிய பகுதி உடலுக்குத் தீங்கானது. அதை வெட்டி அகற்றுக. இறக்கிய பின்னர் தேசிக்காய்ச் சாறு பிழிந்தால், அதன் விற்றமின் சூட்டில் அழியாது கீரையின் இரும்பு உடலிற் சேர உதவும்.

கவனிக்கவேண்டியவை

கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் முதற்பங்கு அளிக்கவும். தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரத்தின் பின்னரே அருந்தவும்; செலவின்றி எந்நாளும் கைக்கொள்ளக்கூடிய வழக்கம் இதுவாகும். சோகை கண்டோர் இறைச்சியை மட்டும் நம்பியிராது வைத்தியரை நாடுவார்களாக.