வீட்டுப் பேக்கனும் இரண்டரை கிராமும்

கிராமத்துத் தொழிலாளர் குடும்பங்கள் தங்களுக்கு வேண்டிய உணவைத் தாங்களே செய்துகொள்ள வேண்டும் என்பது ஆங்கிலேய எழுத்தாளர் வில்லியம் காபெட்டின் விருப்பம். அதற்காகவே 1821, 1822 ஆண்டுகளில் 'காட்டேஜ் எகானமி' என்ற கையேட்டை எழுதினார். ரொட்டி சுடுவது, பீர் காய்ச்சுவது ஆகியவற்றோடு, பன்றி வளர்த்து அதன் இறைச்சியை உப்பிட்டுப் புகைபோட்டுப் பேக்கன் ஆக்கும் முறையையும் அதில் விளக்கியிருக்கிறார். பேக்கன் செய்யும் அந்தக் கைவேலை பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்போது மறுபடி சூடுபிடித்திருக்கிறது. மைக்கேல் ரூல்மனும் பிரையன் போல்சினும் எழுதி 2005-இல் வெளிவந்த 'ஷார்கட்டரி' என்ற சமையல் நூலுக்கும் இதில் பங்கு உண்டு.

கடைப் பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் ரசாயனப் பெயர்களைப் பார்த்து மிரண்டு, வீட்டிலேயே பேக்கன் செய்யத் தொடங்குபவர்கள் அதிகம். ஆனால் வீட்டில் செய்தது என்பதாலேயே உப்பும் நைட்ரைட்டும் புகையும் குறைந்துவிடாது. எது எவ்வளவு சேர வேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம்; வீட்டுப் பேக்கனில் கிடைக்கும் லாபம் அது ஒன்றுதான். அந்த அளவில் பிசகினால் விளைவு வயிற்றுவலியோடு நிற்காது.

உப்புக்கண்டம் வேறு, பேக்கன் வேறு

நம் ஊர் உப்புக்கண்டம் வெயிலில் கல்லாகக் காய்ந்துவிடும். நீர் வற்றிய இறைச்சியில் கிருமி பெருக வழியில்லை. பேக்கன் அப்படி அல்ல. பன்றியின் வயிற்றுப் பகுதி இறைச்சியில் மிதமாக உப்பு ஏற்றி, ஈரம் போகாமல் மெத்தென்று வைத்து, அதன் மேல் புகை பிடிக்கவிடுவார்கள். ஈரம், இளஞ்சூடு, காற்றில்லாத உட்பகுதி மூன்றும் சேரும் இடம், கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா தேடும் இடம்.

1895-இல் பெல்ஜியத்தின் எல்லெசெல் கிராமத்தில் ஒரு இறுதிச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக்குழுவினர், உப்பில் பதப்படுத்திய பன்றித் தொடையைப் பச்சையாகச் சாப்பிட்டார்கள். பலரும் நோயுற்றார்கள், மூன்று பேர் இறந்தார்கள். எமில் வான் எர்மெங்கம் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் எஞ்சிய இறைச்சியையும் இறந்தவரின் உடலையும் ஆராய்ந்து, அந்தக் கிருமியை முதன்முறையாகப் பிரித்தெடுத்தார்.

இந்தக் கிருமி உண்டாக்கும் நஞ்சு கலந்த உணவு கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்பதில்லை. ருசி மாற வேண்டும் என்பதும் இல்லை. பெரும்பாலும் சாப்பிட்ட 12 முதல் 36 மணி நேரத்தில் இமைகள் தொங்கும், பார்வை இரட்டையாகத் தெரியும், விழுங்கவும் பேசவும் நாக்கு ஒத்துழைக்காது. பிறகு தளர்ச்சி மேலிருந்து கீழாக உடலெங்கும் இறங்கி மூச்சுத் தசைகளைப் பிடிக்கும். நஞ்சுமுறி மருந்தை எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. ஆகவே, விடியட்டும் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நைட்ரைட் வந்த வழி

பழங்காலத்தில் இறைச்சிக்கு உப்போடு வெடியுப்பும் சேர்த்தார்கள். இறைச்சி ஏன் சிவந்து நிற்கிறது, ஏன் கெடாமல் இருக்கிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. வெடியுப்பிலுள்ள நைட்ரேட் பாக்டீரியாவால் நைட்ரைட்டாக மாறுகிறது என்று ஜெர்மானிய வேதியியலாளர் எட்வர்ட் பொலென்ஸ்கே 1891-இல் கண்டார். அந்தச் சிவப்பின் காரணத்தைப் பத்து ஆண்டுகள் கழித்து விஞ்ஞானி ஜே. எஸ். ஹால்டேன் விளக்கினார். நைட்ரைட்டை நேரடியாகச் சேர்க்க அமெரிக்க வேளாண் துறை 1925-இல் அனுமதித்தது. பாட்டுலினம் வளர்வதைத் தடுக்கும் வேலையை இறைச்சிக்குள் செய்வது இதுதான்.

'நைட்ரைட் சேர்க்காதது' என்று விற்கும் சில பேக்கன்களில் செலரி என்ற கீரையின் தூள் இருக்கும். அதில் உள்ளதும் கீரையிலிருந்து வந்த அதே நைட்ரேட், நைட்ரைட்தான். கீரையிலிருந்து வந்ததையும் நேரடியாகச் சேர்த்ததையும் உடல் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பதினொரு நீல மனிதர்கள்

1944 செப்டம்பரில் நியூயார்க்கில் ஒரே நாளில் பதினொரு வயதான ஆண்கள் உதடும் காதும் விரலும் நீலம் பாரித்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் ஒரே சிற்றுண்டிக் கடையில் ஓட்ஸ் கஞ்சி குடித்தவர்கள். உப்பு என்று நினைத்துச் சமையல்காரர் போட்டது சோடியம் நைட்ரைட். மேசையிலிருந்த உப்புக் குப்பியிலும் அதுவே இருந்தது. ஒருவர் இறந்தார். பெர்ட்டன் ரூஷே என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையால் இந்த நிகழ்வு உலகறிந்தது.

அளவு மிஞ்சிய நைட்ரைட், ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடும். அதனால்தான் இறைச்சியைப் பதப்படுத்த வீட்டு உபயோகத்துக்கு விற்கும் க்யூரிங் உப்பில் 6.25 சதவீதம் மட்டுமே நைட்ரைட் வைத்து, மீதியைச் சாதாரண உப்பாக்கி, சமையல் உப்போடு குழம்பாதிருக்க இளஞ்சிவப்புச் சாயமும் ஏற்றி விற்கிறார்கள்.

அந்தச் சாயமே இந்தியச் சமையலறையில் வேறொரு குழப்பத்துக்கு இடம் தருகிறது. ஆங்கிலச் செய்முறைகள் சொல்லும் 'பிங்க் சால்ட்' நம் கடைகளில் கிடைக்கும் இந்துப்பு அல்ல. இந்துப்பில் பேக்கன் போட்டால் பாட்டுலினத்துக்கு எதிரான காவல் இல்லை. க்யூரிங் உப்பை இந்துப்பு என்று எண்ணிக் குழம்பில் போட்டாலோ நியூயார்க் கதைதான். பெயர் எழுதி ஒட்டி, உப்பு ஜாடிகளோடு சேர்க்காமல், பிள்ளைகள் கைக்கு எட்டாத தனி இடத்தில் பூட்டி வைப்பது அவசியம்.

ஒரு கிலோவுக்கு எவ்வளவு?

ஒரு கிலோ இறைச்சிக்கு க்யூரிங் உப்பு இரண்டரை கிராம், சாதாரண உப்பு 22 முதல் 23 கிராம், சர்க்கரை சுமார் 10 கிராம். மிளகோ பூண்டோ அவரவர் விருப்பம். இந்த இரண்டரை கிராமில் 156 மில்லிகிராம் நைட்ரைட் இருக்கும். இப்படி உப்பை உலர்வாகத் தேய்த்துச் செய்யும் பேக்கனுக்கு அமெரிக்க விதி வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த விதி அங்கிருந்த வரம்புகளை மேலும் இறுக்கியிருக்கிறது.

கரண்டி இங்கே உதவாது. ஒரு தேக்கரண்டி என்பது வீட்டுக்கு வீடு மாறும். 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாதவர் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

கலவையைத் தேய்த்து, காற்றுப் புகாத பையில் போட்டு, 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்து, தினம் ஒரு முறை புரட்டிப்போட வேண்டும். நான்கு சென்டிமீட்டர் கனமுள்ள துண்டுக்குச் சுமார் ஒரு வாரம் பிடிக்கும். அடிக்கடி மின்தடை வரும் வீட்டில் ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர் இருப்பது நல்லது. வாரம் முடிந்ததும் இறைச்சியைக் கழுவித் துடைத்து, ஓர் இரவு ஃபிரிட்ஜிலேயே மூடாமல் உலரவிட்டால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகும். புகை பிடிப்பதற்கு ஏற்ற பக்குவம் அது.

புகையில் என்ன இருக்கிறது?

பேக்கனைப் புகைபோக்கியில் தொங்கவிடுவது பற்றிக் காபெட் கறாராகச் சொல்கிறார்: கொழுப்பு உருகும் அளவுக்கு நெருப்பு அருகில் இருக்கக் கூடாது, நிலக்கரிப் புகையும் ஃபர் மரப் புகையும் ஆகாது. வேதியியல் தெரியாத காலத்தில் அனுபவம் சொன்ன இந்த அறிவுரை இன்றும் செல்லும். ஃபர் போன்ற பிசின் மரங்கள் எரிந்தால் கசப்பும் கரியும்தான் மிஞ்சும். கொழுப்பு தணலில் சொட்டினால் பென்சோபைரீன் போன்ற புற்றுநோய்க் காரணிகள் உருவாகி, புகையோடு ஏறி இறைச்சியில் படியும். புகையூட்டிய இறைச்சியில் பென்சோபைரீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் மட்டுமே.

நெருப்பு ஒரு பெட்டியிலும் இறைச்சி வேறொரு பெட்டியிலுமாக இருந்தால் இந்தப் படிவு குறையும். ஓக், பீச், ஆப்பிள், ஹிக்கரி மரங்கள் ஏற்றவை. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், மருந்தேற்றிய மரம் எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது. 30 டிகிரிக்குக் கீழே நடக்கும் குளிர்ப்புகை, பனிக்கால ஊர்களுக்கு உரியது. வெப்ப நாட்டில் இருப்பவர்கள் சூடான புகையில், துண்டின் மையம் 65 டிகிரியைத் தொடும்வரை விடுவதே பாதுகாப்பு. குளிர்ப்புகையில் ஆன பேக்கன் பச்சை இறைச்சிதான். கர்ப்பிணிகளும் முதியவர்களும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதை முழுதாகச் சமைக்காமல் தொடக் கூடாது.

தட்டுக்கு வரும்போது

பேக்கன் கருக வறுபடும்போது நைட்ரைட்டும் இறைச்சிப் புரதத்தின் சிதைவுகளும் சேர்ந்து நைட்ரோசமைன்களைத் தோற்றுவிக்கின்றன. 1970-களில் இது தெரியவந்த பிறகு, உப்புநீர் ஏற்றிச் செய்யும் பேக்கனில் இந்த வினையை மட்டுப்படுத்தும் அஸ்கார்பேட் வகையைச் சேர்க்க அமெரிக்கா கட்டாயமாக்கியது. வீட்டில் செய்யக்கூடியது எளிது: சிறு தீயில் வறுத்து, கருகுமுன் எடுத்துவிடலாம். வாணலியில் உருகித் தேங்கும் கொழுப்பில் நைட்ரோசமைன் அதிகம் சேர்வதால், அதில் முட்டை பொரிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியை மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று 2015 அக்டோபரில் வகைப்படுத்தியது. நாள்தோறும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அதன் மதிப்பீடு. புகையிலையும் இதே பட்டியலில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியல் ஆதாரம் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறது, இரண்டும் சம அளவு கொடியவை என்று சொல்லவில்லை. உப்புக் கணக்கும் உண்டு. மேலே சொன்ன அளவில் செய்த பேக்கன் 100 கிராமில் இரண்டரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்ற பரிந்துரையில் அது பாதி. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

ஒரு கிலோவை முடிக்க வேண்டுமே என்று தினமும் தின்னத் தொடங்கினால் வீட்டுப் பேக்கன் கடைப் பேக்கனைவிடக் கெடுதல் ஆகும். செய்த அன்றே மெல்லிய துண்டுகளாக நறுக்கி, மூன்று நான்காகப் பொட்டலம் கட்டி உறைபெட்டியில் போட்டுவிட்டால், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பொட்டலம் மட்டும் வெளியே வரும்.