கையேடு தனியே வரும்

பெர்ல் நிறுவிய டெபியன் லினக்ஸ் கணினி ஒன்றில் டெர்மினலைத் திறந்து 'பெர்ல்டாக்' என்று தட்டிப் பாருங்கள். பெர்ல் மொழியின் கையேட்டைக் காட்டுவதற்கென்றே உள்ள கட்டளை அது. ஆனால் கையேடு வராது. பெர்ல்-டாக் என்ற பொதியை நிறுவினால்தான் இது ஓடும் என்று ஒரே ஒரு வரி வரும். நீங்கள் தட்டிய கட்டளையே ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. பெர்ல் பொதிக்குள் அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பை நட்டு வைத்திருக்கிறார்கள். உண்மையான பெர்ல்-டாக் வந்து இறங்கியதும் பொம்மையை ஓரமாக நகர்த்திவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும்.

புதிதாக வருகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். மொழியைக் கொடுத்தவர்களுக்குப் புத்தகத்தைக் கொடுக்க என்ன தயக்கம்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகு பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அது கஞ்சத்தனம் அல்ல, சிக்கனம் என்று புரிந்தது.

லாரி வால் பெர்லை வெளியிட்டது 1987 டிசம்பரில். நான்காம் பதிப்புவரை அதன் கையேடு ஒரே ஒரு நீண்ட 'மேன்' பக்கம்தான். மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போக வேண்டும். 1994 அக்டோபரில் ஐந்தாம் பதிப்பு வந்தபோது அந்தப் பக்கம் பல துண்டுகளாகப் பிரிந்தது: செயற்கூறுகளுக்கு ஒன்று, குறிகளுக்கு ஒன்று, ஒழுங்குக் கோவைகளுக்கு ஒன்று. எல்லாம் பாட் என்ற எளிய வடிவத்தில் எழுதப்பட்டவை. ஆளுக்கு ஆள் சேர்க்கச் சேர்க்கப் பக்கங்கள் பெருகின.

இதற்கிடையே 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் தொடங்கிய டெபியனும் வளர்ந்துகொண்டிருந்தது. 2002இல் வந்த அதன் 3.0 பதிப்பு 11 வகைக் கணினிக் கட்டமைப்புகளில் ஓடியது. இன்டெல், ஸ்பார்க், ஆல்ஃபா, பவர்பிசி, ஐபிஎம்மின் பெருங்கணினிகூட அதில் உண்டு. ஓடும் நிரலை ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனித்தனியாகக் கம்பைல் செய்துதான் ஆக வேண்டும். கையேடு அப்படியல்ல. ஸ்பார்க்கில் படித்தாலும் ஆல்ஃபாவில் படித்தாலும் எழுத்து அதே எழுத்து. அதை நிரலோடு சேர்த்துக் கட்டினால், உலகெங்கும் உள்ள ஒவ்வொரு நகல் சர்வரிலும் அதே பக்கங்கள் 11 முறை இடம் பிடிக்கும். தனிப் பொதியாக்கி அதன் மேல் 'ஆல்' என்று முத்திரை குத்திவிட்டால் ஒரு பிரதி போதும். நிமிடக் கணக்கில் தொலைபேசிக் கட்டணம் ஏறிய மோடம் காலத்தில், வேண்டாதவர் கையேட்டை இறக்காமல் தப்பித்ததும் கூடுதல் லாபம்.

பைத்தான் கதை வேறு மாதிரி. கிடோ வான் ராசம் அதன் கையேட்டை லேடெக்கில் எழுதத் தொடங்கினார். அச்சுக்கு அது அழகு. உலாவியில் படிக்க வேண்டுமென்றால் லேடெக்2எச்டிஎம்எல் என்ற கருவியால் மாற்ற வேண்டும். அந்தக் கருவி பெர்லில் எழுதப்பட்டது! பைத்தானின் புத்தகத்தைக் கட்டப் பங்காளி வீட்டு அரிவாள். வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்தக் கருவியின் உரிமம் டெபியனின் அளவுகோலுக்குப் பொருந்தாததால், அதை 'நான்-ஃப்ரீ' என்ற புறக்கடைப் பிரிவில்தான் வைத்திருந்தார்கள். முதன்மைப் பிரிவில் இருக்கும் எந்தப் பொதியையும் கட்ட, புறக்கடைச் சாமான் தேவைப்படக்கூடாது என்பது டெபியனின் விதி. கையேடு சுதந்திரமானது, அதைக் கட்டும் கருவி சுதந்திரமற்றது என்ற இந்த நிலை பொதி கட்டுகிறவருக்குத் தலைவலி. 2008இல் பைத்தான் 2.6 வந்தபோதுதான் இந்த லேடெக் வாழ்க்கை முடிவுக்கு வந்தது. கேயார்க் பிராண்டல் எழுதிய ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவி, பைத்தானிலேயே ஓடி, எளிய உரைக் கோப்பிலிருந்து வலைப்பக்கங்களைச் செய்து தந்தது.

அதே 2.6க்கு முன்பு பைத்தானுக்குள் நுழைந்து 'இஃப்' என்ற சொல்லுக்கு உதவி கேட்டால், எச்டிஎம்எல் கையேடு கணினியில் இல்லை என்று கைவிரிக்கும். டெபியன்காரர்கள் அந்த இடத்தில் தங்கள் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: இன்ன பொதியை நிறுவிக்கொள்ளுங்கள். பெர்லின் பொம்மை சொன்ன அதே பதில். பிறகு அந்தக் குறிப்புகளை மட்டும் மொழிக்குள்ளேயே அடக்கிவிட்டதால் இந்தக் கைவிரிப்பு நின்றது.

இடமும் கருவியும் ஒரு பக்கம். அன்றைய பெரிய சண்டை உரிமத்தைப் பற்றியது.

1997 ஜூலையில் டெபியன் ஒரு சமூக ஒப்பந்தத்தை ஏற்றது. நாங்கள் தரும் மென்பொருள் முழுக்கக் கட்டற்றதாகவே இருக்கும் என்பது அதன் முதல் வாக்கு. சரி, கையேடு மென்பொருளா? ஒரு கூட்டம் ஆம் என்றது, ஒரு கூட்டம் இல்லை என்றது. 2004இல் ஒப்பந்தத்தின் வாசகத்தைத் திருத்தி, எல்லாப் படைப்புக்கும் அது பொருந்தும் என்று தெளிவாக்கினார்கள். இதனால் அடுத்த வெளியீடே தடைப்படும் நிலை வந்ததும், அந்த வெளியீடு முடியும்வரை திருத்தத்தின் அமலைத் தள்ளிவைக்க இன்னொரு வாக்கெடுப்பு நடத்தினார்கள்.

சிக்கலின் மறுமுனையில் இருந்தது குனு ஆவண உரிமம். 2000இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதை வெளியிட்டது. அதன்படி ஆசிரியர் சில பகுதிகளை 'மாற்றக்கூடாதவை' என்று பூட்டி வைக்கலாம், அட்டையில் இன்ன வாசகம் இருந்தே தீரவேண்டும் என்றும் சொல்லலாம். 2006 மார்ச்சில் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவு கண்டார்கள். பூட்டிய பகுதி இல்லையென்றால் அந்தக் கையேடு கட்டற்றதே. இருந்தால் புறக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

அப்படிப் போனவற்றில் ஒன்று ஆக் மொழியின் குனு வடிவமான காக்கின் கையேடு. பெர்லுக்கும் பைத்தானுக்கும் மூத்தது ஆக். 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. காக் பொதி முதன்மைப் பிரிவில் சுதந்திரமாக உலவ, அதன் முழுக் கையேடான காக்-டாக் மட்டும் நான்-ஃப்ரீயில் இருக்கிறது. ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் கையேட்டுக்கும் இதே கதி. டெபியனின் தொடக்க ஆண்டுகளில், 1994 முதல் ஓராண்டு, அதற்குப் பணம் கொடுத்துத் தாங்கியது அதே அறக்கட்டளை என்பதை நினைத்தால் இந்த வீட்டுச் சண்டையின் கசப்பு விளங்கும். என் கருத்தைக் கேட்டால், கொள்கை அளவில் டெபியன் சொன்னது சரி. ஆனால் நள்ளிரவில் காக்கின் ஒரு செயற்கூறைத் தேடி, கையேட்டைக் காணாமல், புறக்கடைப் பிரிவைப் பட்டியலில் சேர்க்கவேண்டி வந்தபோது கொள்கை எனக்குச் சோறு போடவில்லை.

இன்றைக்கு வருவோம். இடப் பஞ்சம் இல்லை, மோடம் இல்லை, உரிமச் சண்டையும் பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. பொதி கட்டுகிறவரின் வேலை குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது. கையேடே ஒரு மென்பொருளாகிவிட்டதுதான் காரணம்.

ஸ்ஃபிங்க்ஸ் செய்துதரும் பக்கங்களில் தேடல் பெட்டி உண்டு. அதற்குப் பின்னால் சர்வர் எதுவும் இல்லை. சொற்பட்டியல் ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட் கோப்பாகச் செய்து வைத்துவிடும், உலாவியே அதைப் புரட்டித் தேடும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு உதவியாக ஜேகுவெரி போன்ற நூலகங்களும் நீண்ட காலம் கூடவே வந்தன. ஆயிரம் கையேட்டுப் பொதிகளில் ஆயிரம் ஜேகுவெரி பிரதிகள் இருந்தால், ஒன்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் ஆயிரத்தையும் திருத்த வேண்டும். அதனால் டெபியன் அந்தப் பிரதிகளைப் பிடுங்கிவிட்டு, கணினியில் ஒரே இடத்தில் இருக்கும் பொதுப் பிரதிக்கு இணைப்பு போட்டுவிடும். இதற்கென்றே ஒரு துணைக் கருவி உண்டு. பிற்பாடு ஸ்ஃபிங்க்ஸே ஜேகுவெரியைக் கைவிட்டது.

இதைவிட நுட்பமானது உளவுச் சிக்கல். வலைத்தளத்துக்காக எழுதிய பக்கம் எழுத்துருவை ஒரு சர்வரிலிருந்தும், சின்னத்தை இன்னொன்றிலிருந்தும் கேட்கும், நன்கொடைப் பொத்தானை வேறொன்றிலிருந்து வரவழைக்கும். அதை அப்படியே பொதியில் கட்டினால், நீங்கள் உங்கள் வட்டிலிருக்கும் கோப்பைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருக்குத் தகவல் போகும். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்தால் கடைக்காரர் வீட்டில் மணி அடிக்கிற மாதிரி. பொதிகளைச் சோதிக்கும் லின்ட்டியன் என்ற கருவி இதைத் தனியுரிமை மீறல் என்று எழுதிக் காட்டிவிடும். கட்டுகிறவர் ஒவ்வொரு இணைப்பாகத் தேடி அறுக்க வேண்டும்.

அடிக்குறிப்பில் 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று ஒரு தேதி இருக்குமே, அதுவும் தொல்லை. ஒரே மூலத்திலிருந்து யார், எப்போது கட்டினாலும் பிட் மாறாமல் அதே பொதி வரவேண்டும் என்ற முயற்சி டெபியனில் 2013 முதல் நடக்கிறது. கட்டிய நேரத்தைக் கையேட்டில் பொறித்தால் அந்தக் கனவு அங்கேயே உடையும். இப்போது அந்த இடத்தில் மாற்றக் குறிப்பேட்டின் தேதியைத் தருகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, வலையில் பார்த்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு பதில் வைத்திருக்கிறேன். டெபியன் 12இல் உள்ள பைத்தான் 3.11. அதில் சிஜிஐ என்ற பழைய தொகுதி வேலை செய்கிறது. பைத்தான் 3.13இல் அதையும் சேர்த்து 19 தொகுதிகளைத் தூக்கிவிட்டார்கள். பைத்தான் தளம் இயல்பாகக் காட்டுவது புதிய பதிப்பின் கையேட்டை. அங்கே போனால் சிஜிஐ நீக்கப்பட்டது என்ற செய்திதான் கிடைக்கும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது கிடைக்காது. பதிப்பு எண்ணை மாற்றிப் பார்க்கத் தெரிந்தவர் பார்த்துக்கொள்வார். பொதியாக வந்த கையேட்டில் அந்தத் தொல்லையே இல்லை, கணினியில் எந்த மொழி இருக்கிறதோ அதற்கான புத்தகம்தான் அது.

ஆனால் இன்று எத்தனையோ டெபியன்கள் மேசைமேல் இல்லை, டாக்கர் போன்ற கருவிகள் ஓட்டும் கன்டெய்னருக்குள் இருக்கின்றன. டாக்கருக்குள் டாக் கிடையாது என்று நண்பர்கள் கேலி செய்வது வெறும் சிலேடை அல்ல. உபுண்டுவின் சுருக்கிய படிமத்தில் 'மேன்' என்று தட்டினால், மனிதர்கள் உள்ளே வராத கணினி என்பதால் வேண்டாதவற்றை நீக்கிவிட்டோம் என்று பதில் வரும். டெபியனின் 'ஸ்லிம்' படிமம் இன்னும் கறார். ஆவணங்கள் இருக்கும் அடைவுக்குள் இனி எதையும் எழுதாதே என்று பொதி நிறுவிக்கு ஒரு கட்டளைக் கோப்பே வைத்திருக்கிறார்கள். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: காப்புரிமைக் கோப்புகள். உரிமம் இருக்கும், உரிமம் பெற்ற கையேடு இருக்காது.

அந்த ஸ்லிம் படிமத்துக்குள் போய்ப் பைத்தான் கையேட்டுப் பொதியை நிறுவினால் இறக்கும், பிரிக்கும், வெற்றி என்று சொல்லும். பட்டியலில் 'நிறுவப்பட்டது' என்றே இருக்கும். திறந்து பார்த்தால் பக்கங்கள் இல்லை. பெர்ல்-டாக் மட்டும் தப்பித்துக்கொள்கிறது. அதன் பாட் கோப்புகள் ஆவண அடைவில் இல்லாமல் பெர்லின் சொந்த அடைவுக்குள் கிடப்பதால் தடைக் கோப்பின் கண்ணில் படவில்லை. பொம்மை நகர்ந்து, பெர்ல்டாக் அங்கே பக்கத்தைக் காட்டுகிறது.