வரம்புடைய அதிகாரம்

சமஷ்டி ஆட்சியில் அதிகாரம் ஓரிடத்தே குவிந்திருப்பதில்லை. மத்திய அரசாங்கத்துக்குரியது எது, இராச்சியங்களுக்குரியது எது என்பதை எழுதப்பட்ட அரசியல் யாப்பு வகுத்துரைக்கின்றது. அவ்வெல்லையை மத்திய அரசாங்கமே தாண்ட முற்பட்டால் தடுப்பவர் யார்? அவுஸ்திரேலிய வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடை தருகின்றது.

1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த அந்நாட்டு யாப்பு, மத்திய பாராளுமன்றம் சட்டமியற்றத்தக்க விடயங்களை நிரல்படக் கூறுகின்றது. பாதுகாப்பு அவற்றுள் ஒன்று. 1950இல், கொரியப் போர் மூண்டிருந்த வேளையில், பிரதமர் மென்சிஸின் அரசாங்கம் கொம்யூனிஸ்ட் கட்சியைக் கலைக்குஞ் சட்டத்தை நிறைவேற்றியது. ஒருவரைக் கொம்யூனிஸ்ட் என்றும், நாட்டின் பாதுகாப்புக்குத் தீங்கானவர் என்றும் மகாதேசாதிபதி பிரகடனஞ் செய்யலாம். அங்ஙனஞ் செய்தால் அவர் அரசாங்க உத்தியோகத்தை இழப்பர். முக்கிய கைத்தொழில்களின் தொழிற்சங்கப் பதவியும் வகித்தலாகாது. தாம் கொம்யூனிஸ்ட் அல்லர் என மெய்ப்பிக்கும் பாரமும் அவர் தலைமேலதே.

கட்சியும் தொழிற்சங்கங்களும் உயர் நீதிமன்றத்தை நாடின. தொழிற் கட்சியின் துணைத் தலைவர் கலாநிதி எவற், துறைமுகத் தொழிலாளர் சங்கத்துக்காக வாதாடினார். 1951 மார்ச் 9ஆந் திகதி, நீதியரசர் எழுவருள் அறுவர் அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தனர். பிரதம நீதியரசர் லேதம் மட்டும் மாறுபட்டார்.

கொம்யூனிஸ்ட் கொள்கை நல்லதா தீயதா என்பது அவர்கள் ஆராய்ந்த பொருளன்று. பெரும்போர்க் காலத்தில் பாதுகாப்பதிகாரம் விரியும். அமைதிக் காலத்திற் சுருங்கும். ஆபத்து உண்டெனச் சட்டத்தின் முகவுரையிற் பாராளுமன்றந் தானே எழுதிவைப்பதனால், இல்லாத அதிகாரம் பிறந்துவிடாது. காணியின் எல்லையை ஒரு பக்கத்தாரே அளந்து வேலி நாட்டுவதை எவர் ஒப்புவர்? அவுஸ்திரேலிய யாப்பில் அடிப்படை உரிமைகளின் முழுப் பட்டியல் இல்லை. எனினும், அதிகாரத்துக்கு இட்ட எல்லையே உரிமைக்குக் காவலாயிற்று.

அரசாங்கம் பின்னர் யாப்பையே திருத்த முனைந்து, 1951 செப்டெம்பர் 22இல் மக்களின் வாக்கைக் கேட்டது. திருத்தத்துக்கு நாடளாவிய பெரும்பான்மையும், ஆறு இராச்சியங்களுள் நான்கின் பெரும்பான்மையும் வேண்டும். மூன்று இராச்சியங்களே இசைந்தன. நாடளாவிய ஆதரவும் பாதியை எட்டவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் அதே அரசாங்கத்தை மீண்டும் ஆட்சியில் அமர்த்திய மக்கள், அது கேட்ட அதிகாரத்தைக் கொடுக்க மறுத்தனர்.

அரசாங்கத்துக்கு வேண்டாதவரையுங் காக்கும்போதே யாப்பின் வரம்பு வரம்பாகும். இன்று வேண்டாதவருக்கெனப் பிடுங்கிய வேலி, நாளை வேண்டியவருக்கும் இல்லாது போகும்.