போர்முனையிலிருந்து வீட்டுக்கு ஒரு குரல்

1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் தோற்றவர் பேரி கோல்ட்வாட்டர். இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானி. சிறுவயது முதலே அமெச்சூர் வானொலிப் பிரியர். அழைப்புக்குறி கே7யூஜிஏ.

வியட்நாம் போர்க்காலத்தில் அரிசோனாவில் அவர் வீட்டு வானொலி நிலையத்தில் தன்னார்வலர்கள் முறைவைத்து உட்கார்ந்தார்கள். போர்முனையிலிருந்து சிற்றலையில் வரும் சிப்பாயின் குரலை அவன் வீட்டுத் தொலைபேசியோடு இணைப்பார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. “நல்லா இருக்கேம்மா, ஓவர்” என்று மகன் முடித்ததும் இங்கே சுவிட்சைத் திருப்புவார்கள். அதன் பிறகே அம்மா பேசலாம். இப்படி ஆயிரக்கணக்கான அழைப்புகள்! செனட் உறுப்பினராகக் கோல்ட்வாட்டர் பேசிய பேச்சுகளைவிட இதுவே பெரிய தொண்டு என்பேன். கோல்ட்வாட்டர் 1998இல், 89 வயதில் காலமானார்.