பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா? வாட்டர் ஃப்ளாசர் எதற்கு உதவும், எதற்கு உதவாது?

மட்டன் சாப்பிட்டு முடித்ததும் பல் இடுக்கில் சிக்கிய நாரை எடுக்க, கைக்குக் கிடைத்ததை எல்லாம் வாய்க்குள் விடுவது நம்மில் பலருக்குப் பழக்கம். தீக்குச்சி, ஊக்கு, சில நேரம் பஸ் டிக்கெட் கூட. ஈறு கிழிவதுதான் மிச்சம். இந்த வேலைக்கென்றே இப்போது ஆன்லைனில் ஜோராக விற்கும் கருவிதான் வாட்டர் ஃப்ளாசர். வாங்கலாமா?

கருவி புதுசு இல்லை. 1962ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கொலராடோவில் ஜெரால்டு மோயர் என்ற பல் மருத்துவரும், ஜான் மேட்டிங்லி என்ற பொறியாளரும் சேர்ந்து உருவாக்கியது. சின்ன தொட்டி, மோட்டார், ஊசி போல மெல்லிய முனை, அவ்வளவுதான். தண்ணீர் ஒரே தாரையாக வராமல் விட்டு விட்டு வேகமாகப் பாயும். உணவுத் துகளையும், பல்லில் படியும் பிசுபிசுப்பான கிருமிப் படலத்தையும் தளர்த்தி வெளியே தள்ளுவது இந்தத் துடிப்புதான்.

ரத்தம் வந்தா விட்டுடலாமா?

பிரஷ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இரண்டு பற்கள் ஒட்டி நிற்கும் இடத்துக்குள் நுழையாது. அங்கே தங்கும் படலம் ஈறை வீங்க வைக்கும். வீங்கிய ஈறில் பிரஷ் பட்டால் ரத்தம் வரும். உடனே பலரும் செய்வது என்ன? 'ரத்தம் வருதே' என்று அந்தப் பக்கம் தேய்ப்பதையே நிறுத்திவிடுவது. சிக்கல் ஆரம்பிப்பது இங்கேதான்.

ஆரம்பக்கட்ட ஈறு வீக்கம், ஒழுங்காகச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும். விட்டுவிட்டால் பல்லைத் தாங்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பெரும்பாலும் வலியே இருக்காது. பல் ஆடும்போதுதான் தெரியவரும். கரைந்த எலும்பு தானாகத் திரும்ப வளராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம்.

பல்லில் கிளிப், பிரிட்ஜ், இம்ப்ளான்ட் வைத்திருப்பவர்களுக்கு வாட்டர் ஃப்ளாசர் உண்மையிலேயே கைகொடுக்கும். விரல் மடங்காத வயதானவர்களுக்கும்தான். ஏற்கெனவே ஃப்ளாஸ் நூலைச் சரியாகப் பயன்படுத்துபவர் என்றால், இதை அவசரப்பட்டு வாங்கத் தேவையில்லை. நூல் பல்லோடு உரசிப் படலத்தைச் சுரண்டி எடுக்கும்.

காரை போகுமா?

போகாது. விளம்பரம் என்ன சொன்னாலும், கல் போல இறுகிய காரையைத் தண்ணீரால் பெயர்க்க முடியாது. அதற்கு பல் மருத்துவரிடம் ஸ்கேலிங்தான் வழி. 'ஸ்கேலிங் பண்ணா பல் ஆடும்' என்ற பயம் வேண்டாம். எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல்லை காரை பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் உண்மை வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். அதேபோல, இந்தக் கருவி இருக்கிறது என்பதற்காக பிரஷ்ஷை ஓரம் கட்டவும் கூடாது.

எப்படிப் பயன்படுத்துவது?

வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பியுங்கள். முனையை வாய்க்குள் வைத்த பிறகே சுவிட்சைப் போடவும். இல்லாவிட்டால் கண்ணாடி, சட்டை எல்லாம் நனையும். வாஷ்பேசின் மேல் குனிந்து, தண்ணீர் வழியும் அளவுக்கு உதட்டைத் திறந்து வையுங்கள். கடைவாய்ப் பல்லில் தொடங்கி, ஈறு ஓரமாக ஒவ்வொரு இடுக்கிலும் ஓரிரு நொடி நிறுத்தி நகர்ந்தால், ஒன்றிரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். தினமும் ஒரு முறை, இரவில் செய்வது நல்லது.

முதல் சில நாட்கள் லேசாக ரத்தம் வரலாம். இரண்டு வாரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவரைப் பாருங்கள். சமீபத்தில் பல் பிடுங்கியவர்கள், வாயில் ஆபரேஷன் செய்தவர்கள், செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

உப்புத்தண்ணி வரும் வீடுகளில் போர் தண்ணீரை ஊற்றினால் முனை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். வேலை முடிந்ததும் தொட்டியைக் காலி செய்து காய வைக்கவும். வீட்டில் நாலு பேர் இருந்தால் கருவி ஒன்று போதும், முனை மட்டும் ஆளுக்கொன்று.